தாகமெடுத்த கூந்தல்

அல்லிக்குளம் நகரில் அல்லியும் கிடையாது, குளமும் கிடையாது. குளத்தைத் தூர்த்து மனை போட்டவர்கள் பெயரை மட்டும் தூர்க்காமல் விட்டிருந்தார்கள். அதனால் பத்து மாதம் நகராகவும் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் குளமாகவும் இருப்பதற்கு அந்த இடம் பழகியிருந்தது, அங்கே குடியிருந்தவர்களும் பழகியிருந்தார்கள். அந்த நகரின் மூன்றாவது குறுக்குத் தெருவில், புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, நகைக்கடையில் வேலை பார்க்கும் புனிதவல்லியின் தலைமுடி ஒரு பக்கெட் தண்ணீரைக் குடித்தது.

அவள் வழக்கம்போலத் தலையைக் கவிழ்த்து முடியைப் பக்கெட்டுக்குள் விட்டாள். சொம்பை எடுப்பதற்குள் பக்கெட்டின் அடி தெரிந்தது. முடியைத் தொட்டுப் பார்த்தாள்; தேங்காய் நார் மாதிரி காய்ந்து கிடந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவன் தயாளன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்து, பக்கெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் காட்டி ஓட்டை தேடினான். ஓட்டை இல்லை. வேறு பக்கெட் கொண்டுவந்து நிரப்பினான். அதையும் முடி குடித்தது. மூன்றாவதையும் குடித்தது. தயாளன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "அப்போ மோட்டாரை இன்னும் பத்து நிமிஷம் ஓட விடணும்" என்றான். அந்த வீட்டில் ஆச்சரியம் அவ்வளவோடு முடிந்தது.

முடி அப்படி ஆனதற்குக் காரணம் தேடி யாரும் தூரம் போக வேண்டியதில்லை. புனிதவல்லிக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. நகைக்கடையில் நெக்லஸ் பிரிவில் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் அவளைத் தள்ளி நிறுத்திப் பார்த்துவிட்டு, "உங்க முடி கண்ணை இழுக்குது மேடம், வர்றவங்க கண்ணு நெக்லஸ்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பதினோரு வருஷம், தினமும் காலையில், ஸ்ட்ரெயிட்னரை அதன் உச்சபட்ச சூட்டில் வைத்து, காயவைக்க நேரம் இல்லாத நாட்களில் ஈரத்தோடேயே, சுர்ரென்று ஆவி பறக்க, முடியைக் கற்றை கற்றையாக இழுத்து நேராக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். முடி முதலில் நுனி பிளந்தது, பிறகு உடைந்தது, பிறகு செம்பட்டை பாய்ந்தது, பிறகு சீப்பு பட்டால் துடைப்பம் மாதிரி சத்தம் போட்டது, கடைசியில் குடிக்க ஆரம்பித்தது.

தெரிந்தவர்கள் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு ரமீசா அக்கா ஒரு கிண்ணம் தயிரும் ஊறவைத்து அரைத்த வெந்தயமும் கொண்டுவந்து பூசிவிட்டாள். கையை எடுப்பதற்குள் முடி தயிரைக் குடித்துவிட்டு வெந்தயத் தோலை மட்டும் துப்பியது. மாடி வீட்டுக்காரி முட்டை கொடுத்தாள். இன்னொருத்தி கற்றாழை கொடுத்தாள். அரிசி கழுவிய தண்ணீர், தேங்காய்ப்பால், விளக்கெண்ணெய், செம்பருத்தி இலையை அரைத்து எடுத்த கொழகொழப்பு என்று எது வந்தாலும் முடி பாகுபாடு பார்க்காமல் குடித்துவிட்டு மறுபடி நாராகக் கிடந்தது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பார்லர் வைத்திருக்கும் ஜெசிந்தா மட்டும் எதையும் பூசவில்லை. ஒரு முடியை இரண்டு விரலில் பிடித்து மெல்ல இழுத்தாள். அது நூல் மாதிரி அறுந்தது.

"வெந்த முடி வெந்ததுதான் புனிதா. தண்ணியை இழுக்கும், பிடிச்சு வைக்காது. மேல எதைப் பூசினாலும் அது இனிமே திரும்பாது. வெட்டிட்டு, புதுசா வர்றதையாவது காப்பாத்து."

"எவ்வளவு வெட்டணும்?"

ஜெசிந்தா காதுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

"வேலை போயிடும்" என்றாள் புனிதவல்லி, எழுந்து முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, நான்காம் நாள் நகர் வழக்கம்போலக் குளமானது. புனிதவல்லி புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, கைப்பையைத் தோளில் இறுக்கி, பேருந்தைப் பிடிக்க மூன்றாவது குறுக்குத் தெருவில் இறங்கி நடந்தாள். பாதித் தெருவில் கால் வழுக்கிக் குனிந்ததில், கொண்டையைப் பிடித்திருந்த கிளிப் தெறித்து, முடி அவிழ்ந்து, நுனி தண்ணீரில் பட்டது. வெயிலில் மேய்ந்து வந்த மாடு தொட்டியில் வாய் வைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றாள். முழங்கால் அளவு தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, கணுக்காலில் இருந்து விரலுக்கு வந்தது, ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் தெரு, சித்திரை மாதத்துத் தெரு மாதிரி, புழுதியோடு தெரிந்தது. ஒற்றைச் செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, போன வருஷம் காணாமல் போன கிரைண்டர் கல், யாருடையதோ பல்செட், துள்ளிக்கொண்டிருந்த நாலைந்து ஜிலேபி மீன் என்று எல்லாம் வெளியே வந்தன. கதவைத் திறந்துகொண்டு ஜனங்கள் ஓடிவந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

ரமீசா அக்கா கிரைண்டர் கல்லை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "புனிதா, அப்படியே எங்க கொல்லைப்பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றாள்.

அதற்குள் குடியிருப்போர் சங்கத் தலைவர் வரதராஜுலு சார் குடையோடும் அளவு நாடாவோடும் வந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்தில் ஏரிகளை அளந்து ஓய்வு பெற்றவர். தெருச் சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்தார், தெருவின் நீளத்தை அளந்தார், கடைசியாக அனுமதி கேட்டு அவள் முடியின் நீளத்தையும் அளந்தார்.

"நிமிஷத்துக்கு எவ்வளவு உறிஞ்சுதுன்னு கவனிச்சீங்களாம்மா?"

"இல்ல சார். எனக்கு எட்டு இருபது பஸ் போயிடுச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கம் கூடியது. எந்தத் தெரு முதலில் என்பதில் மட்டும் இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது. தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்று புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டார். "கரண்ட் எங்க இருந்து வருதுன்னு கேட்டுக்கிட்டா லைட்டைப் போடறோம்?" என்று ஒருவர் எழுந்து சொன்னதும் அந்த விஷயம் முடிந்துபோனது. ஒவ்வொரு தெருமுனையிலும் புனிதவல்லி உட்கார ஒரு நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, மேலே பெரிய குடை என்று தீர்மானமானது. குடை அவள் நனையாமல் இருக்க அல்ல. வானத்துத் தண்ணீரைக் குடித்து முடி வயிறு நிறைந்துவிட்டால் தரைத் தண்ணீர் நின்றுவிடும் என்பது வரதராஜுலு சாரின் கணக்கு.

மழைக்காலம் இப்படிப் போனது: விடியற்காலையில் அவள் ஸ்ட்ரெயிட்னர் போட்டுக்கொள்வாள், ஆறு மணிக்கு முதல் தெருவில் உட்காருவாள், நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் முடியைத் தொங்கவிடுவாள், தெரு வற்றியதும் இரண்டாவது தெருவுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் முன்னால் போவார்கள், அவள் பின்னால் போவாள். குழந்தைகள் அவள் பக்கத்தில் மீன் பொறுக்கினார்கள். பால்காரர் மணி அடித்து வணக்கம் சொன்னார். தவளைகள்தான் வருத்தப்பட்டன, அவை இரண்டு நகர் தள்ளிக் குடிபோயின. "வெள்ளம் நுழையாத மனைகள், புனிதவல்லி இல்லத்துக்கு மிக அருகில்" என்று நெடுஞ்சாலையில் ஒரு பலகை வந்தது. மழைநீர்க் கால்வாய் வெட்ட அளவெடுத்துப் போயிருந்த அதிகாரிகள், அல்லிக்குளம் நகருக்கு இனி அது தேவைப்படாது என்று எழுதி அந்தக் காகிதத்தை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சங்கம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, புத்தம் புதிய ஸ்ட்ரெயிட்னர் ஒன்றைப் பரிசளித்தது. பழையதைவிட முப்பது டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்று வரதராஜுலு சார் மேடையில் விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

புனிதவல்லிக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொல்ல முடியாது. பதினோரு வருஷம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவளுக்கு, பத்துத் தெரு ஜனம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் காலையில் எழுந்தால் தலையணையில் அரை சாண் நீளத்துக்குத் துண்டு துண்டாக முடி கிடந்தது. உச்சந்தலை தொட்டாலே எரிந்தது. கருகல் வாசனை மூக்கை விட்டுப் போகவே இல்லை. சோற்றிலும் அதுவே அடித்தது. யாருக்கும் தெரியாமல், கடைக்கு விடுமுறை விட்ட நாலு நாளில், அவள் ஸ்ட்ரெயிட்னரைத் தொடாமல், இரவு இளஞ்சூட்டில் தேங்காயெண்ணெய் தேய்த்து, தயாளனின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்தாள். முதல் நாள் முடி எண்ணெயைக் குடித்தது. இரண்டாம் நாளும் குடித்தது. நாலாம் நாள் காலையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். வெகுநாள் கழித்து விரல் சிக்காமல் வெளியே வந்தது.

அன்றைக்கு ஐந்தாவது தெருவில் கணுக்கால் தண்ணீர் வற்றாமல் நின்றது.

சாயங்காலம் வரதராஜுலு சார் மூன்று பேரோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, டாக்டர் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"எண்ணெய் வெச்சீங்களாம்மா?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஐந்தாவது தெருவுல ரெண்டு கைக்குழந்தை இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

அவர்கள் போன பிறகு ரமீசா அக்கா வந்து, சமையலறையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு, "மழை முடிஞ்சதும் தர்றேன் கண்ணு, சத்தியமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தயாளன் மறுநாளிலிருந்து கடலையெண்ணெயில் தாளித்துக்கொண்டான். அவனிடம் புனிதவல்லி, "உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாள். "தோணுது. ஆனா வேன் தண்ணியில நிக்காம ஸ்டார்ட் ஆகறப்ப மறந்துபோகுது" என்றான் அவன், பொய் சொல்லத் தெரியாதவன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் வரதராஜுலு சார் மறுபடி வந்தார். இந்த முறை பலகாரத் தட்டோடு வந்தார். தட்டில் லட்டும் பழமும், அவற்றுக்கு நடுவே ரோஜா நிறத்தில், உள்ளங்கை அளவே இருந்த ஒரு சின்ன ஸ்ட்ரெயிட்னரும் இருந்தன.

புனிதவல்லிக்கு ஒரு மகள், இளவெயினி, நாலாம் வகுப்பு. அம்மாவின் சுருட்டை அப்படியே இறங்கியிருந்தது; சீப்பை உள்ளே விட்டால் சீப்பு தொலைந்துவிடும்.

"நீண்டகாலத் திட்டம்னு ஒண்ணு வேணுமில்லையாம்மா" என்றார் சார். "உங்களுக்கும் வயசாகும். பாப்பாவுக்கு இப்பவே தினமும் ரெண்டு வேளை போட்டு வந்தா, நம்ம கணக்குப்படி பன்னிரண்டு வயசுல குடிக்க ஆரம்பிச்சுடும். நகரோட சொத்து, பாப்பா."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. இளவெயினி அதைவிட மனதார, தட்டிலிருந்து ரோஜா நிறக் கருவியை எடுத்து, சுவரில் பிளக் பாயிண்ட் தேடிச் செருகி, அம்மா செய்வதைப் பார்த்துப் பழகிய கையால் நெற்றிக்கு மேலிருந்த ஒரு சுருளை அதற்குள் வைத்து அழுத்தினாள். சுர்ரென்றது.

"அம்மா, எனக்கும் நாற்காலி போடுவாங்களா?"

புனிதவல்லி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். சூட்டுப் பக்கமாகப் பிடித்ததால் உள்ளங்கை பொரிந்தது, அவள் விடவில்லை. இன்னொரு கையால் லட்டுத் தட்டை எடுத்துச் சாரின் கையில் வைத்தாள்.

"கிளம்புங்க சார்."

"நான் என்னம்மா தப்பா..."

"கிளம்புங்க. நான் கத்திடுவேன்."

குழந்தையின் நெற்றிக்கு மேல் ஒரே ஒரு கற்றை ஈர்க்குச்சி போல நேராக நின்றது. அதைத் தண்ணீர் தொட்டுத் தடவிச் சுருட்டப் பார்த்தாள். அது சுருளவில்லை. அவள் அழவில்லை, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பொரிந்த கையை உதறியபடியே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

ஜெசிந்தா கடையை மூடிக்கொண்டிருந்தாள். புனிதவல்லியின் கையைப் பார்த்ததும் ஷட்டரை மறுபடி மேலே தூக்கினாள். முதலில் கையைக் குழாய்க்குக் கீழே வெகுநேரம் பிடித்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

"காது வரைக்குமா?"

"வெந்தது எதுவரைக்கும் இருக்கோ, அதுவரைக்கும்."

"அப்போ ரெண்டு விரல்தான் மிஞ்சும்."

"மிஞ்சட்டும்."

கத்தரிக்கோல் பட்டபோது முடி சத்தமே போடவில்லை. தரையில் விழுந்தது வைக்கோலாகக் கிடந்தது. கடைசிக் கற்றை விழுந்ததும் ஜெசிந்தா கண்ணாடியைக் காட்டினாள். சுருட்டையான, கறுப்பான, குட்டை முடியோடு யாரோ ஒருத்தி அதில் உட்கார்ந்திருந்தாள். இளவெயினி வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா, உனக்கும் என் முடியா?" என்றாள்.

"சுடுதண்ணி ஊத்தாதே. துண்டால அடிச்சுத் துவட்டாதே, ஒத்தி எடு. பெரிய பல் சீப்பு, அதுவும் ஈரத்துல, நுனியிலிருந்து. வாரம் ரெண்டு தடவை எண்ணெய்" என்று ஜெசிந்தா சொல்லிக்கொண்டே போனாள். "வேற ஒண்ணும் வேண்டாம். சும்மா விடு. விட்டாலே அது வளரும்."

அந்த வருஷத்து மிச்ச மழையில் அல்லிக்குளம் நகர் பழையபடி குளமானது. திருமதி புனிதவல்லி தன்னிச்சையாகச் சிகை நீக்கிக்கொண்டதால் வெள்ளம் ஏற்பட்டது என்று சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதினார்கள். தெருவில் யாரும் அவளோடு பேசவில்லை. பால்காரர் மணி அடிக்காமல் போனார். ரமீசா அக்கா எண்ணெய்ப் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விட்டாள். நகைக்கடையில் மேற்பார்வையாளர் அவளை முன்புபோலத் தள்ளி நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகத்தான் இருந்தாள். "காது நல்லாத் தெரியுதே. கம்மல் பிரிவுக்குப் போயிடுங்க மேடம்" என்றார் அவர். பதினோரு வருஷம் முடியைச் சுட்டதற்கு இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் கம்மல் பிரிவுக்குப் போனாள்.

தை பிறந்ததும் அந்த நகரின் பெண்கள் ஸ்ட்ரெயிட்னர் வாங்க ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குக் குடிக்கிற முடி வந்தால் இன்னொருத்திக்கு வராதா என்பது ஜனங்களின் எண்ணம். தெருவுக்கு மூன்று பேர் என்று சங்கம் ஆள் பிரித்தது. காலையில் நகர் முழுக்கக் கருகல் வாசனை எழுந்தது, ஃப்யூஸ் போனது, குருவிகள் வேறு பக்கம் பறந்தன. ரமீசா அக்காவும் போட்டுக்கொண்டாள். மழைக்காகத் தன் காதோரத்தில் மிஞ்சியிருந்த முடியையும் வரதராஜுலு சார் சூட்டுக்குக் கொடுத்தார். சித்திரை போய், ஆடி போய், புரட்டாசியும் வந்தது. யாருடைய முடியும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உடைந்தது, பிளந்தது, கொட்டியது, அவ்வளவுதான். புரட்டாசிக் கடைசியில் ரமீசா அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

"நீ என்ன பூசறே புனிதா?"

"ஒண்ணுமில்லக்கா. எண்ணெய்தான். நீங்க வெச்சுட்டுப் போன பாட்டில்."

ரமீசா அக்கா முக்காட்டை எடுத்துவிட்டு அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். புனிதவல்லி எண்ணெயைச் சூடுபண்ணப் போனாள்.

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் மழை கொட்டியது. குடிக்க முடி இல்லை, வடியக் கால்வாய் இல்லை, அதிகாரிகளுக்கு எழுதினால் உங்கள் ஊரில் வெள்ளமே வராது என்று பதில் வந்தது. முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது, வேறு வழியில்லாமல், குளத்துத் தண்ணீர் முன்பெல்லாம் எந்த வழியாக வெளியே போனது என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் ஏரி அளந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வரதராஜுலு சார் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு கம்மிய குரலில், "என் கார் ஷெட்டுக்குக் கீழ ஒரு மதகு இருக்கு" என்றார்.

யாருக்கும் ஆச்சரியம் வரவில்லை. கடப்பாறை கேட்டார்கள், அவரே எடுத்துக் கொடுத்தார். முதல் அடியையும் அவரே போட்டார், கண்ணை மூடிக்கொண்டு. மத்தியானம் சிமெண்ட் தரை உடைந்தது, மண் வந்தது, செங்கல் வந்தது, பிறகு ஒரு ஏப்பம் மாதிரி சத்தம் வந்து, நகரின் தண்ணீர் முழுக்க அந்த வாய்க்குள் திரும்பி, கிழக்கே, ஆற்றைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. தயாளன் வேனை நகர்த்தப் போனான். பெண்கள் மண் கூடையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் புனிதவல்லியும் நின்றாள்.

மழை மறுபடி தூறியது. அவள் அனிச்சையாகத் தோளைக் குறுக்கி, முடி குடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. ஒரு துளி உச்சியில் விழுந்து, சுருள் சுருளாக இறங்கி, எந்தச் சுருளும் அதை வேண்டுமென்று கேட்காமல் அடுத்த சுருளுக்கு விட்டுக்கொடுக்க, நெற்றிக்கு வந்து, மூக்கின் நுனியில் தொங்கியது.

"கூடையைப் பிடி புனிதா, என்ன நிக்கறே?" என்றாள் ரமீசா அக்கா.

"இருங்கக்கா, ஒரு நிமிஷம்" என்றாள் புனிதவல்லி. "நனையறேன்."